விலை கொடுத்து வாங்கிய தோல் ஷூ 14 மாதத்தில் வெடித்துவிட்டது. தவறு என்னுடையதா, ஷூவுடையதா?

#1 தினநடை

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரு ஷூ வாங்கித் தேயத் தேயப் போட்டுத் தூக்கி எறிந்து பழகியவன் நான். போன வருடம், "ஒரு தடவை நல்லதாக வாங்கிவிடுவோம், பத்து வருடம் உழைக்கட்டும்" என்று, வழக்கமாகக் கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு கொடுத்து ஒரு கருப்பு ஷூ வாங்கினேன். உள்ளே 'ஜெனுயின் லெதர்' என்று முத்திரை, ஓரமெல்லாம் தையல், முகம் பார்க்கலாம்போல ஒரு மினுமினுப்பு.

இப்போது 14 மாதம் ஆகிறது. விரல் மடங்கும் இடத்தில் இரண்டிலும் குறுக்கே வெடிப்பு. வெடிப்பின் ஓரம் பழைய சுவர் சுண்ணாம்பு மாதிரி செதில் செதிலாக உரிகிறது, உள்ளே சாம்பல் நிறமாகத் தெரிகிறது. வலது ஷூ முன்பக்கம் வாய் பிளந்துகொண்டிருக்கிறது.

பராமரிக்காமல் விட்டுவிட்டாய் என்று மட்டும் சொல்லாதீர்கள். வாரம் தவறாமல், தலையில் ஸ்பாஞ்சு வைத்த பாட்டில் பாலிஷ் போட்டேன். மழையில் நனைந்தால் இரவோடு இரவாக ஹீட்டர் முன்னால் வைத்துக் காயவைத்தேன். வேலை நாள் அத்தனையும் இதே ஷூதான், வேறு எதுவும் போடவில்லை.

எங்கே தப்பு செய்தேன்? அடுத்தது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

#2 பட்டாளத்து_பாலிஷ்

நண்பரே, எங்கே தப்பு என்று கேட்டுவிட்டு அதற்கு முந்தைய பத்தியில் நீங்களே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள் :)

ஸ்பாஞ்சு பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோனோ பிளாஸ்டிக் மாதிரியான பிசினோ. தோலுக்கு அதனால் ஒன்றும் சேராது. மேலே ஒரு படலம் போட்டுப் பளபளவென்று காட்டும், அவ்வளவுதான். வாரா வாரம் ஒரு படலம் என்றால் 14 மாதத்தில் அறுபது படலம். நடக்கும்போது தோல் மடங்கும், படலம் மடங்காது. அதுதான் உரிகிறது.

ஹீட்டர் அதைவிட மோசம். ஈரத்தோடு சூடு சேர்ந்தால் தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசை போய் விறைத்துவிடும். அந்த விறைத்த தோலை மறுநாள் காலையில் மாட்டி ஆயிரக்கணக்கான தடவை மடக்குகிறீர்கள். வெடிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது, ஓய்வே கொடுக்காதது. இதுதான் தலையாய தப்பு. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

#3 ஊசிநூல்

பட்டாளத்து அண்ணா சொன்னது மூன்றும் சரி. ஆனால் பழியை முழுக்க தினநடை தலையில் கட்ட மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஷூ தைக்கிற வேலை. உரிந்த இடத்தில் சாம்பல் நிறம் என்றாரே, அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

நல்ல தோல் தேய்ந்தால், கீறல் விழுந்தால், உள்ளேயும் தோல் நிறமாகவே இருக்கும், பஞ்சு மாதிரி நார் தெரியும். சாயம் உள்ளே ஊறியிருக்கும். உங்களுடையதில் மேலே பெயிண்ட் மாதிரி ஒரு பூச்சு, அதற்குக் கீழே வேறு நிறம். தழும்பும் பூச்சிக்கடியும் உள்ள தோலை மேலாகத் தேய்த்து எடுத்துவிட்டு, வழவழவென்று பூச்சு கொடுத்து, துவாரம் மாதிரி அச்சும் போட்டுவிடுவார்கள். கரெக்டட் கிரெயின் என்பது அதுதான். அதுவும் தோல்தான், பொய் இல்லை. ஆனால் பூச்சு ஒரு தடவை வெடித்துவிட்டால் எந்த கிரீமும் அதை ஒட்டவைக்காது.

'ஜெனுயின் லெதர்' முத்திரையைத் தரச் சான்றிதழ் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். இது தோல், ரெக்சின் அல்ல என்பதைத் தவிர அது உங்களுக்கு வேறு எதுவும் சொல்லவில்லை.

ஒன்று செய்யுங்கள். அந்த ஷூ எப்படியும் செத்துவிட்டது. ஒரு ஹேக்சா பிளேடு எடுத்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். நான் பத்து பக்கம் எழுதுவதைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

#4 கணக்கன்

எல்லோரும் 'நல்ல ஷூ' என்று ஆரம்பிப்பதற்கு முன் ஒரு கேள்வி. ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கும் ஷூ ஐந்து மடங்கு காலம் வருமா? நடுவில் சோல் மாற்றும் செலவு, கழற்றிய ஷூவுக்குள் வடிவம் கெடாமல் வைக்கும் மரக்கட்டை, கிரீம், பிரஷ் இதெல்லாம் சேர்த்துத்தான் கேட்கிறேன். மலிவாக வாங்கித் தேய்த்து எறிவது அசிங்கமாக இருக்கலாம், கணக்கில் தோற்கிறதா என்பது வேறு விஷயம்.

#5 தினநடை

அறுத்துவிட்டேன்!

ஊசிநூல் அண்ணா, பிளேடு இறங்கிய வேகத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இன்சோலில் மேலே காகிதம் கனத்தில் தோல், அதைக் கிழித்தால் அடியில் பழுப்பு நிற அட்டை. நிஜமான அட்டை, விரலால் கிள்ளினால் தூளாகிறது. கால் வியர்வையில் ஊறி, பெருவிரலின் அடிப் புடைப்பு அழுந்தும் இடத்தில் குழைந்து போயிருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் பஞ்சு, அப்புறம் ரப்பர் சோல். சோலுக்குள் தேன்கூடு மாதிரி அறை அறையாக வெறும் காற்று. ஹீல் திடமாக இருக்கும் என்று நினைத்தேன், அதுவும் பொந்து.

ரொம்ப வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? ஓரத்தில் ஓடும் அந்தத் தையல். அறுத்த முகத்தில் பார்த்தால் நூல் எதையும் பிடிக்கவே இல்லை. ஒரு பட்டையில் தனியாகத் தைத்து, அந்தப் பட்டையைச் சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெறும் அலங்காரம்! வலது ஷூ வாய் பிளந்தது அந்தப் பசை விட்ட இடத்தில்தான்.

குதியைச் சுற்றி உள்ளே இருக்க வேண்டிய கெட்டியான துண்டும் அட்டைதான். ஷூ ஹார்ன் இல்லாமல் லேஸைக்கூட அவிழ்க்காமல் குதியை மிதித்து மாட்டுவேன். அது இரண்டாக மடிந்து கிடக்கிறது. இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

#6 ஊசிநூல்

சபாஷ். இனிமேல் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது.

இப்போது ஒழுங்காகக் கட்டிய ஷூவை மனசுக்குள் அறுத்துப் பார்ப்போம். கால் படும் இடத்தில் முழுத் தோல் இன்சோல், மூன்று நான்கு மில்லிமீட்டராவது கனம் இருக்கும். அதன் அடியில் ஒரு விளிம்பு. மேல்தோலும், வெல்ட் என்கிற நீளமான தோல் பட்டையும் அந்த விளிம்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். நடுவில் உண்டாகும் பள்ளத்தில் கார்க் நிரப்புவார்கள். பிறகு வெளி சோலை அந்த வெல்டோடு சேர்த்து இன்னொரு தையல் போடுவார்கள். ஆக இரண்டு தையல், இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சோல் தேய்ந்தால் வெளித் தையலை மட்டும் பிரித்துப் புது சோல் போடலாம். மேல்தோலில் ஊசி படாது. நீண்ட நாள் உழைப்பதன் ரகசியம் இதில்தான் பாதி.

இதை கையால் செய்துகொண்டிருந்தார்கள். 1870களில் இதற்கான எந்திரம் வந்தது, சார்லஸ் குட்இயர் ஜூனியர் பெயரில். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி வல்கனைஸ் செய்யும் முறையைக் கண்டவரின் மகன். குட்இயர் வெல்ட் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். டயர் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது 1898இல் வேறு ஆட்கள் அப்பாவின் பெயரை வைத்து ஆரம்பித்தது.

இன்னொரு வகை பிளேக் தையல். லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை வாங்கிய எந்திரம். இன்சோலையும் வெளி சோலையும் ஒரே தையலில் நேராகப் பிடிக்கும். ஷூ மெலிதாக, லேசாக, நன்றாக வளையும். கையை உள்ளே விட்டுத் தடவினால் இன்சோலில் நூல் வரிசை தட்டுப்படும். குறை என்னவென்றால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறலாம், சோல் மாற்ற அதற்கென்ற எந்திரம் வேண்டும். மட்டம் என்று சொல்ல மாட்டேன். உலர்ந்த இடத்தில் நடப்பவருக்கு அருமையான ஷூ.

கடையில் அறுத்துப் பார்க்க முடியாதே, என்ன செய்வது? வெல்ட் தையலின் நூல் மேலே தெரிந்தால், அதே இடைவெளியில் சோலின் அடியிலும் நூலோ நூல் ஓடிய தடமோ தெரிகிறதா என்று பாருங்கள். சில நல்ல ஷூவில் அடித் தையலைத் தோல் மடலுக்குள் மறைத்திருப்பார்கள், அதனால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 'சோல் மாற்றித் தருவீர்களா' என்று கேளுங்கள். கடைக்காரர் எப்படி முழிக்கிறார் என்பதிலேயே பதில் இருக்கும்.

தோலுக்கு: மடங்கும் இடத்தில் கட்டைவிரலால் மெல்ல உள்ளே அமுக்குங்கள். முகத்துச் சுருக்கம் மாதிரி நெருக்கமான சின்ன வரிகள் வந்து, கையை எடுத்ததும் மறைந்தால் நல்லது. மேல்பரப்பு தனியாகக் கழன்று தொளதொளவென்று பெரிய மடிப்பாக எழும்பினால் விட்டுவிடுங்கள். அது மாட்டின் வயிற்றுப் பக்கத் தோலாக இருக்கும், நார் தளர்ந்தது.

#7 அகலப்பாதம்

அண்ணன்மார்களே, தையலும் தோலும் சரி, அளவைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே?

என் அனுபவம்: முழுத் தோல், வெல்ட் தையல், எல்லா லட்சணமும் உள்ள ஒரு ஷூவை ஆசைப்பட்டு வாங்கினேன். நீளம் சரி, அகலம் இறுக்கம். "போடப் போட விரிந்துவிடும்" என்று கடையில் சொன்னார்கள். ஒரு வருடத்தில் சுண்டுவிரல் பக்கம் தோல் பிதுங்கி வெல்டுக்கு வெளியே தொங்கியது, அங்கேதான் கிழிந்தது. ஷூவில் குறை இல்லை. என் காலுக்கு அது ஷூ இல்லை.

தோல் கொஞ்சம் விரியும், அகலத்தில் மட்டும். நீளம் விரியவே விரியாது. கால் எங்கே மடங்குகிறதோ அங்கேயே ஷூவும் மடங்க வேண்டும். பெருவிரல் அடியில் புடைப்பாக இருக்கும் எலும்பு, ஷூவின் மிக அகலமான இடத்தில் உட்கார வேண்டும். அது முன்னே பின்னே போனால் ஷூ தப்பான இடத்தில் மடங்கும், அங்கே ஆழமான வரி விழும், அங்கேதான் வெடிக்கும். தினநடை சார், உங்கள் வெடிப்புக்குக்கூட இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

கடைகளில் உலோகத் தட்டு ஒன்று வைத்து அளப்பார்களே, பிரானக் கருவி, 1920களிலிருந்து இருக்கிறது. அதில் மூன்று அளவு எடுக்கலாம்: முழு நீளம், குதியிலிருந்து அந்த எலும்பு வரை, அகலம். பலர் முதல் அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். விரல் குட்டையாக, பாதம் நீளமாக இருப்பவர்களுக்கு இரண்டாவது அளவுதான் முக்கியம்.

சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எந்தக் கால் பெரிதோ அதற்கு அளவெடுங்கள். பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் சுமார் எட்டரை மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவில் ஆறே முக்கால்கூட இல்லை. அதனால் அட்டவணையைப் பார்த்து மாற்றிக்கொண்டு ஆன்லைனில் வாங்கினால் அரை எண் தப்பிப் போவது சகஜம்.

பெண்களுக்கு வெல்ட் தையல் ஷூ தேடுவது தனிக் கொடுமை. அதை எழுதினால் இழை திசைமாறிவிடும், விடுங்கள்.

#8 பட்டாளத்து_பாலிஷ்

தங்கை சொன்னது பொன்னான வார்த்தை. ஒன்று சேர்க்கிறேன்: லேஸ் கட்டும் இரண்டு மடல்களும் புதிதில் முழுக்க மூடிக்கொள்ளக் கூடாது. நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால், தோல் தளர்ந்த பிறகு இறுக்க இடம் இருக்கும்.

சரி, என் துறைக்கு வருகிறேன். இருபது வருடம் தினமும் காலையில் பூட்ஸைத் தேய்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மக்கள் பாலிஷ் அதிகமாகவும் பிரஷ் குறைவாகவும் போடுகிறார்கள்.

கழற்றியதும் குதிரை முடி பிரஷால் அரை நிமிடம் தூசி தட்டுங்கள். மடிப்பில் சேரும் மண் துகள், நடக்க நடக்க உப்புத்தாள் மாதிரி தோலை அறுக்கும். அப்புறம் கட்டையை உள்ளே போட்டு வைத்துவிடுங்கள். தினசரி வேலை இவ்வளவுதான்.

பத்துப் பதினைந்து தடவை போட்ட பிறகு, தோல் வெளிறிப் போனதுபோல் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு கிரீம். ஒரு ஷூவுக்குப் பட்டாணி அளவு போதும். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, மடிப்புகளுக்குள் போகிற மாதிரி வட்ட வட்டமாகத் தேயுங்கள். பத்து நிமிடம் விட்டு பிரஷ் போடுங்கள். துணியால் தொட்டால் நிறம் ஒட்டாத வரை தேய்க்க வேண்டும்.

டப்பா மெழுகு பாலிஷ் வேறு. அது பளபளப்புக்கும் தண்ணீர் ஒட்டாமல் இருக்கவும். முகம் தெரியும் பளபளப்பு வேண்டுமா, மூக்கிலும் குதியிலும் மட்டும் போடுங்கள். அங்கே உள்ளே கெட்டித் துண்டு இருப்பதால் தோல் மடங்காது. மடிப்பில் மெழுகைக் கனமாக ஏற்றினால் வெள்ளை வெள்ளையாக நொறுங்கும். நான் சேர்ந்த புதிதில் முழு பூட்ஸையும் கண்ணாடியாக்கி, அணிவகுப்பில் இரண்டு அடி வைப்பதற்குள் அத்தனையும் உதிர்ந்து திட்டு வாங்கியவன்.

#9 கணக்கன்

என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

#10 ஊசிநூல்

வருகிறேன் சார். நேர்மையாகவே சொல்கிறேன், ஒரே ஜோடி வாங்கி தினமும் போட்டால் உங்கள் கணக்குதான் ஜெயிக்கும். கால் விடும் வியர்வையைத் தோல் உறிஞ்சுகிறது. அது காய ஒரு இரவு போதாது, குறைந்தது ஒரு நாள் முழுக்க வேண்டும். காயாத ஷூவை மறுபடி போட்டால் இன்சோல் உளுத்துப்போகும், தையல் நூல் அழுகும். எங்களிடம் சோல் மாற்ற வரும் ஷூக்களில், மேலே பளபளவென்று இருந்து உள்ளே இற்றுப் போனவை நிறைய. இன்சோல் போய்விட்டால் புது சோலை எதில் தைப்பது?

அதனால் நல்ல ஷூ என்றால் இரண்டு ஜோடி, மாற்றி மாற்றி. முதலில் கை கடிக்கும்தான். ஆனால் மாற்றிப் போடும் இரண்டு ஜோடி, தனித்தனியாகப் போட்டுத் தேய்க்கும் இரண்டு ஜோடியைவிட அதிக நாள் வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். நல்லது ஒன்று, சாதாரணமானது ஒன்று என்று ஆரம்பித்தாலும் போதும்.

#11 கணக்கன்

சரி, இது நியாயமான பதில். ஆனாலும் தினமும் சேற்றிலும் ஈரத்திலும் மணிக்கணக்கில் நடப்பவருக்கு நான் தோல் சோலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

#12 ஊசிநூல்

நானும்தான். வெல்ட் தையலில் ரப்பர் சோல் தாராளமாகப் போடலாம், மேல்தோலுக்கு அதே ஆயுள். தோல் சோல் என்பது ஆசை, அவசியம் இல்லை. இதைச் சொன்னால் எங்கள் அப்பா சண்டைக்கு வருவார்.

#13 அகலப்பாதம்

ரப்பர் என்றதும் நினைவுக்கு வருகிறது. முக்கியமான நாளுக்குப் போட வேண்டும் என்று பெட்டியிலேயே ஐந்து வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன் ஒரு ஜோடி. போட்டுக்கொண்டு இறங்கினேன், பத்தாவது அடியில் சோல் கட்டி கட்டியாக உதிர்ந்தது. பின்னால் வந்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்! போடாமல் வைத்திருந்தது எப்படிக் கெடும்?

#14 ஊசிநூல்

அது ரப்பர் இல்லை அக்கா, பாலியூரிதேன் நுரை. காற்றிலுள்ள ஈரமே அதன் கட்டமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும், போட்டாலும் போடாவிட்டாலும். பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். பல வருடம் வைத்திருக்க நினைத்தால் அந்த வகை சோல் வேண்டாம்.

பூட்டி வைப்பதில் இன்னொன்றும் உண்டு, பூசணம். தோல் ஷூவை பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரிக்குள் தள்ளினால் இரண்டு மாதத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். வெளியே எடுத்துப்போய்த் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பக்கத்து ஷூவுக்கும் பரவும். ஸ்பிரிட்டில் பாதி தண்ணீர் கலந்து லேசாகத் துடைத்து, ஓரத்தில் நிறம் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு, நன்றாகக் காயவிட்டு கிரீம் போடுங்கள்.

#15 தினநடை

இரண்டு வாரம் அலைந்து வாங்கிவிட்டேன். பழுப்பு நிறம், வெல்ட் தையல், ரப்பர் சோல். அகலப்பாதம் அக்கா சொன்ன மாதிரி எலும்பைத் தேடி உட்காரவைத்துப் பார்த்தேன். இதுவரை நான் போட்டுக்கொண்டிருந்தது அரை எண் பெரிது, அகலம் ஒரு படி சிறிது! இவ்வளவு நாள் தெரியாது.

மூன்று சந்தேகம். கட்டை கட்டாயமா? குதி லேசாக வழுக்குகிறது, திருப்பிக் கொடுக்கலாமா? நனைந்தால் என்ன செய்வது, ஹீட்டர் தவிர :)

#16 பட்டாளத்து_பாலிஷ்

கட்டைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. வார்னிஷ் அடிக்காத மரமாக இருக்கட்டும், செடார் என்றால் மணமும் நன்றாக இருக்கும். பின்பக்கம் சின்னக் குமிழ் மட்டும் வைத்த ஸ்பிரிங் வகை வேண்டாம், குதியில் ஒரே இடத்தில் குத்திப் பள்ளமாக்கும். குதி முழுக்க நிரப்புகிற மாதிரி வாங்குங்கள். கழற்றிய கையோடு, தோல் சூடாக இருக்கும்போதே போட வேண்டும். மடிப்பு நிமிர்ந்தபடி காயும்.

புது வெல்ட் ஷூ வளையாது, அதனால் குதி கொஞ்சம் எழும்பும். பத்துப் பதினைந்து நாள் நடந்தால் சோல் பழகி நின்றுவிடும். வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். கால் முழுசாக வெளியே வருகிற மாதிரி இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணியுங்கள், ஒரு மணிநேரத்தில் மாற்றுங்கள், மறுபடி மாற்றுங்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து நிழலில் விடுங்கள், அடியிலும் காற்றுப் படும். இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும். காய்ந்த பிறகு வெள்ளை உப்புக் கோடு தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் தேய்க்காதீர்கள், வட்டமாகக் கறை நிற்கும். முழு ஷூவையும் ஈரத்துணியால் சீராக நனைத்துத் துடைத்து மறுபடி காயவிடுங்கள். கடைசியில் கிரீம்.

#17 ஊசிநூல்

இதோடு ஒன்று. ஹீலின் அடித்தட்டு பின்பக்கம் சாய்வாகத் தேயும். அந்தத் தட்டு தீர்ந்து மேலுள்ள அடுக்கைத் தொடுவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். சின்ன வேலை, உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போகலாம். தள்ளிப் போட்டால் ஹீலையே கட்ட வேண்டிவரும், நடையும் கோணும். எத்தனை பேர் மேல்தோலைப் பளபளவென்று வைத்துக்கொண்டு ஹீலைத் திரும்பிப் பார்க்காமல் வருகிறார்கள் தெரியுமா!

#18 தினநடை *(பதினோரு மாதம் கழித்து)*

பழைய இழையைத் தோண்டுவதற்கு மன்னிக்கவும்.

வாரம் மூன்று நாள் போடுகிறேன். மற்ற நாளுக்கு ஒரு சாதாரண ஷூ. மடிப்பில் சின்னச் சின்ன வரிகள் மட்டும், வெடிப்பு இல்லை. மூக்குப் பக்கம் நிறம் கொஞ்சம் ஆழமாகி, வாங்கியபோது இருந்ததைவிட அழகாக இருக்கிறது. ஹீல் தட்டு போன வாரம் மாற்றினேன். செய்தவர் உள்ளே தடவிப் பார்த்துவிட்டு "கட்டை போடுறீங்களா?" என்று கேட்டார். எனக்குப் பட்டம் வாங்கிய மாதிரி இருந்தது.

இன்று காலை அவசரத்தில் இடது லேஸ் அறுந்துவிட்டது. பக்கத்துக்கு ஐந்து ஓட்டை. எந்த நீளம் வாங்க வேண்டும்?

#19 பட்டாளத்து_பாலிஷ்

75 செ.மீ. உருண்டையான மெலிதான பருத்தி நூல், மெழுகு ஏற்றியது. இரண்டு ஜோடியாக வாங்குங்கள்.

#20 கணக்கன்

அந்த இரண்டு ஜோடி லேஸையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் :)